மனந்திரும்புதல்

தமிழில் 'பாவம்' என்னும் சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கடவுளுக்கும் அறத்துக்கும் மாறாகச் செய்யப்படும் செயலைப் பாவம் என்கிறோம். மழையில் நனைந்தபடி பேருந்துக்குக் காத்து நிற்கும் முதியவரைக் கண்டாலும் 'ஐயோ, பாவம்!' என்கிறோம். ஒரே சொல் குற்றத்தையும் சுட்டுகிறது. துன்புறுவோர்பால் நாம் கொள்ளும் இரக்கத்தையும் சுட்டுகிறது. வகுப்பில் இதனை மாணவர்க்கு விளக்குவது எளிதன்று. ஆயினும், பாவம் செய்தவன் வெறுக்கத்தக்கவன் மட்டுமல்லன், இரங்கத்தக்கவனும் ஆவான் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. அந்தக் கொள்கையை நம் பேச்சு வழக்கு தானறியாமலே தன்னிடத்தில் காத்து வைத்திருக்கிறது என்று எண்ணும்போது எனக்கு வியப்பு உண்டாகிறது.

நான் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சமய நூல்களை முறையாகப் பயின்றவன் அல்லன். என்றாலும், ஞாயிறுதோறும் கோயிலில் கேட்டுப் பழகிய சொற்களைத் திங்கட்கிழமை வகுப்பறையில் இலக்கணக் கண்கொண்டு பார்க்கும் வழக்கம் எனக்கு இளமையிலேயே வந்துவிட்டது. அவ்வாறு நான் பலகாலம் எண்ணிப் பார்த்த சொற்களுள் ஒன்று 'மனந்திரும்புதல்' என்பது. அதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

'மனம்', 'திரும்புதல்' ஆகிய இரண்டும் சேரும்போது மகரம் கெட்டு, வருகின்ற தகரத்துக்கு இனமான நகரமாகத் திரிகிறது. மாணவர் மனப்பாடம் செய்யும் எளிய புணர்ச்சி விதி இது. தான் இருந்தபடியே இருந்துகொண்டு அடுத்ததனோடு சேர முடியாது என்பதை அந்த மகர ஒற்றும் அறிந்திருக்கிறது போலும் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை அவ்வளவே, அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டுவதில்லை.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கு உரிய சொல் 'மெட்டனோயியா' என்பது. எண்ணம் மாறுதல், அறிவு வேறொன்றாதல் என்பது அதன் நேர்ப்பொருள். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் தீர்க்கதரிசிகள் ஆண்ட சொல் 'ஷூப்' என்பது. அது நடந்து போகிறவன் வழியில் நின்று, திரும்பி, வந்த வழியே வருதலைக் குறிக்கும் மிகச் சாதாரணமான சொல். ஆடு மேய்ப்பவனும் வணிகனும் நாள்தோறும் வழங்கிய சொல். கிரேக்கச் சொல்லில் மனம் இருக்கிறது. எபிரேயச் சொல்லில் கால் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே தொடரில் இணைத்து வைத்திருப்பது நம் தமிழ் 'மனந்திரும்புதல்'. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் காலம் முதல், 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் பதிப்பு வரையிலும் பல தலைமுறையினர் விவிலியத் தமிழைத் தேய்த்துத் தேய்த்து உருவாக்கினர். அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் எல்லாமே அழகானவை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தச் சொல் அழகானது.

கத்தோலிக்கர் பழங்காலத்தில் 'மனஸ்தாபம்' என்னும் சொல்லை ஆண்டனர். உத்தம மனஸ்தாபச் செபத்தை மனப்பாடமாகச் சொல்லும் மூதாட்டியர் இன்றும் உள்ளனர். மனம் வெந்து வருந்துதல் என்பது அதன் பொருள். ஆனால் நாட்டு வழக்கில் 'இருவருக்கும் மனத்தாபம்' என்றால் பிணக்கு என்று பொருளாகிவிட்டது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'மனம் மாறுதல்' என்னும் தொடரை மேற்கொண்டது. அது எளிமையானது, இளைஞர்க்கு உடனே விளங்குவது. எனினும் என் விருப்பம் பழைய சொல்லின்பாலே நிற்கிறது. மாறுகிறவன் எதுவாக வேண்டுமானாலும் மாறலாம். திரும்புகிறவனுக்கு ஓர் இடம் உண்டு. அவன் அதனைவிட்டு வந்தவன். அங்கே அவனுக்காக யாரோ காத்திருக்கின்றனர். இளைய குமாரனின் கதையை இயேசு பெருமான் சொன்னபோது, அவன் திருந்தினான் என்று சொல்லி நிறுத்தவில்லை. எழுந்து தகப்பனிடத்திற்கு நடந்து போனான் என்றே சொன்னார்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. 'திரும்பு' என்பது தன்வினை. 'திருப்பு' என்பது பிறவினை. மனிதன் தானே திரும்புகிறானா, கடவுள் அவனைத் திருப்புகிறாரா என்பது சமய அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக வாதிட்டுவரும் வினா. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் பெலாகியுவும் இதன்பொருட்டே மோதிக்கொண்டனர். பழைய ஏற்பாட்டுப் புலம்பல் நூலின் கடைசிப் பகுதியில் எருசலேமின் அழிவைக் கண்டு அழுகிறவர், எங்களை நீர் திருப்பினால் நாங்கள் திரும்புவோம் என்னும் கருத்துப்பட வேண்டுகிறார். பிறவினையும் தன்வினையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை. அகுஸ்தீன் எழுதிய அத்தனை பக்கங்களிலும் இதைவிடத் தெளிவான விடை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி, சொல்லை விட்டுச் செயலுக்கு வருவோம்.

கோயிலில் இச்சொல்லை அடிக்கடி கேட்பவர்களிடத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றி இருப்பதை நான் கண்டிருக்கிறேன். கண்ணீர் வடித்தால் மனந்திரும்பியாயிற்று என்பது ஒன்று. ஒருமுறை நிகழ்ந்துவிட்டால் பிறகு அந்தக் கணக்கை மூடிவிடலாம் என்பது மற்றொன்று. 1517-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள் முதலாவதே இந்த இரண்டாம் எண்ணத்துக்கு விடையாக அமைந்தது. கிறித்தவனின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அக்காலத்தில் இலத்தீன் விவிலியம் அச்சொல்லைத் 'தவம் செய்யுங்கள்' என்று பொருள்படும்படி மொழிபெயர்த்திருந்தது. தவம் என்றால் அதற்கு அளவு உண்டு, செய்து முடிக்கலாம், பாவமன்னிப்புச் சீட்டு விற்றவர்களின் கையில், பணம் கொடுத்தும் முடித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஒரு சொல்லை மொழிபெயர்த்த முறையால் எத்துணை விளைவு நேர்ந்தது என்பதை மொழி கற்பிக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் தவறான எண்ணத்துக்கு விடையை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கிராணியார் ஒருவரிடம் கற்றேன்.

அக்காலத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே பெரட்டுக்களத்தில் கூடிப் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். நண்பகலுக்கு முன்பாகப் பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்துகொண்டு கொட்டகைக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணியார் பாலை நிறுத்து, ஒரு மிதவைக் குழாயை அதனுள் விட்டுத் திண்மை பார்த்து, எத்தனை இராத்தல் என்று புத்தகத்தில் எழுதுவார். நாட்கூலிக்கு மேல் கிடைக்கும் காசு அந்த எழுத்தைப் பொறுத்தது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராணியாரின் பேனா சொல்வதுதான் கணக்கு. எங்கள் கிராணியார் ஒவ்வொருவருக்கும் ஓரிரண்டு இராத்தல் குறைத்து எழுதி, அதனைத் தமக்கு வேண்டிய இருவர் பெயரில் ஏற்றிவிடுவார். சம்பள நாளில் அவர்கள் பங்கு கொடுப்பார்கள். எல்லார்க்கும் இது தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. அவரே எங்கள் தகரக் கூரைக் கோயிலில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர். குரல் வளம் மிக்கவர். ஒற்று மிகும் இடம், மிகா இடம் அறிந்து வாசிப்பார். என் தமிழுக்கு அவருடைய வாசிப்பும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

1962-ஆம் ஆண்டு லெந்து காலத்தில், நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் போதகர் ஆயக்காரன் சகேயுவைப் பற்றிப் பேசினார். அன்று வாசிப்பும் கிராணியாருடையதே. பேச்சு வழக்கமான பேச்சுத்தான். எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஒரு மாலைப் பொழுதில் கிராணியார் லயத்துக்கு வந்தார். கிராணியார் லயத்துக்கு வந்தால் ஏதோ கெட்ட செய்தி என்பது எங்கள் அனுபவம். அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். என் தந்தையாரை அதுவரை 'நீ', 'வாடா' என்றே பேசி வந்தவர், அன்று, "உட்காரலாமா?" என்று கேட்டார். பலகையில் உட்கார்ந்து, ஒரு பழைய பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தார். "உங்க கணக்கிலே நான் குறைச்சு எழுதியிருக்கேன். இத்தனை வருசத்துக்குச் சரியா எவ்வளவுன்னு எனக்கே தெரியலே. தோராயமாப் போட்டிருக்கேன். உங்களுக்குக் கூடத் தோணினா சொல்லுங்க," என்றார். அந்த 'உங்க' என்னும் சொல்லைக் கேட்டு என் தாயார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பணத்தைவிட அந்தச் சொல்தான் லயத்தில் பலநாள் பேச்சாக இருந்தது.

கையில் இருந்தது போதாமையால் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தார். செய்தி துரையின் காதுக்கு எட்டியது. நிறுவைப் பொறுப்பு முதலில் போயிற்று. மறு ஆண்டு வேலையும் போயிற்று. பக்கத்து நகரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டு, சம்பளத்துக்கு மறுநாள் சைக்கிளில் தோட்டத்துக்கு வருவார். ஏழு ஆண்டுகள் இவ்வாறு வந்தார்.

சபை மூப்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆண்டவரிடத்தில் அறிக்கை செய்தால் போதாதா, லயத்துச் சனங்களின் வாசலில் போய் நின்று சபைக்கு அவப்பெயர் தேட வேண்டுமா என்று பேசினர். பாவத்தைவிடப் பாவ அறிக்கையே அவர்களுக்கு மானக்கேடாகத் தோன்றியது. இப்படிப்பட்டவர்களை நான் பிற்காலத்தில் கோயிலுக்கு வெளியிலும் நிறையக் கண்டேன்.

எல்லாரும் பணத்தை வாங்கிக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. மூன்றாம் லயத்தில் ஒரு கைம்பெண் இருந்தார். கிராணியார் கொடுத்த வெள்ளிகளைப் பார்த்துவிட்டு, "எங்க மூத்தவன் புத்தகத்துக்குக் காசில்லாம ஆறாம் வகுப்போட நின்னுட்டான். இப்ப வெட்டுக்காட்டுல நிக்கிறான். இந்தக் காசை வாங்கிட்டு நான் அவனை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது, கிராணி ஐயா? நீங்களே வச்சுக்குங்க," என்றார். கிராணியார் விடையொன்றும் சொல்லவில்லை. "சரிதாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஆனால் அடுத்த மாதமும் அவர் வாசலில் நின்றார். அதற்கடுத்த மாதமும் நின்றார். அந்த அம்மையார் ஒருநாளும் வாங்கவில்லை. மன்னிப்பதாகவும் சொல்லவில்லை. இப்படி ஏழு ஆண்டுகள்.

அந்த அம்மையார் செய்தது சரியா என்று பலர் கேட்பர். சரியே என்பார் என் தாயார். எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது. மன்னிப்பு என்பது கேட்டவுடன் கொடுத்தாக வேண்டிய கடன் அன்று. இழந்தவனுடைய உரிமை அது. கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு இழந்தவனை விரைவுபடுத்துவது இன்னொரு வகைக் களவு என்றே நான் கருதுகிறேன். மன்னிப்புக் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் அந்த வாசலில் நின்றாரே, அதனையே நான் மனந்திரும்புதல் என்று எண்ணுகிறேன். கண்ணீர் வடித்தாரா என்று கேட்டால், நான் பார்த்ததில்லை. அவர் முன்கோபமும் கடைசிவரை போகவில்லை. மளிகைக் கடைப் பையன்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சகேயுவின் கதையை இப்போது மறுபடி படித்தால், அதில் உள்ள எண்கள் கண்ணில் படும். மோசேயின் சட்டப்படி, பிறன் பொருளை ஏமாற்றி எடுத்தவன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டால், எடுத்ததையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி விற்றவனோ கொன்றவனோதான் நான்கு மடங்கு கொடுக்க வேண்டும். சகேயு தானே முன்வந்தவன். ஐந்தில் ஒன்றோடு நின்றிருக்கலாம். அவன் ஆட்டுத் திருடனுக்குரிய தண்டனையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். வரி வாங்கியது உரோமச் சட்டப்படி. அவனே அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தான். தன் செயலுக்கு உரிய பெயரைத் தானே சூட்டுவது எளிய செயல் அன்று. 'பிழை', 'தவறு', 'சூழ்நிலை' என்று மெல்லிய சொற்கள் நம் மொழியில் எத்தனையோ உள்ளன.

பொருளைத் திருப்பிக் கொடுத்தாலே போதுமா என்றால், அதுவும் போதாது என்பதற்கு விவிலியமே சான்று. யூதாசும் முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். பேதுரு அதே இரவில் மும்முறை மறுதலித்தவன், அவன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை, அழுதான், அவ்வளவே. வெளிப்பார்வைக்கு யூதாசே அதிகம் செய்தவன். ஆனால் அவன் போய் நின்ற இடம் தேவாலயத்துத் தலைமைக் குருக்கள் இருந்த இடம். அது எங்களுக்கு என்ன, அது உன்பாடு என்று அவர்கள் கைவிட்டனர். அவன் தீயதை விட்டுத் திரும்பினான். திரும்பிய திசையில் அவனுக்கு யாரும் இல்லை. குருக்கள் வேறுவிதமாகப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணாத பெரிய வெள்ளிக்கிழமை இல்லை.

பேதுருவின் கதையும் அந்த இரவின் அழுகையோடு முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தியோக்கியா நகரில், பிற இனத்தாரோடு உடனமர்ந்து உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். முன்பு ஒரு வேலைக்காரிக்கு அஞ்சி மறுதலித்தவர், இப்போது தம் நண்பர்களுக்கு அஞ்சி விலகினார். அதே அச்சம், வேறு உடை. பழைய பாவங்கள் பெரும்பாலும் இவ்வாறுதான் திரும்பி வருகின்றன.

இந்த நீண்ட வழியை நன்கு காட்டுவது ஜான் நியூட்டனின் வாழ்க்கை. 1725-இல் இலண்டனில் பிறந்த நியூட்டன் இளமையிலேயே கடலோடியானவர். 1748 மார்ச்சு மாதம் 'கிரேஹவுண்டு' என்னும் கப்பலில் வரும்போது பெரும்புயலில் சிக்கினார். கப்பலில் புகுந்த நீரை இறைத்துக்கொண்டே கடவுளை நோக்கிக் கூவினார். அந்த நாளைத் தம் மனந்திரும்புதலின் நாளாக வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். கதையை இத்தோடு நிறுத்திவிடுகிற பிரசங்கிகள் பலர். ஆனால் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமை வாணிகக் கப்பலின் தலைவரானார். 1750 முதல் 1754 வரையில் மூன்று பயணங்கள் சென்றார். மேல்தட்டில் ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு வழிபாடு நடத்தினார். கீழ்த்தட்டில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். வாய்ச்சொல்லில் ஆபாசமும் தெய்வ நிந்தனையும் அவரைவிட்டு நீங்கிவிட்டன. இந்தப் பெரிய கொடுமை மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. அக்காலத்தில் தம் மனச்சான்று சிறிதும் உறுத்தவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார்.

1754-இல் கடல்தொழிலை விட்டதும் உடல்நலக் குறைவால்தானே அன்றி, மனச்சான்றால் அன்று. 1764-இல் குருவானார். உலகெங்கும் இன்று பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாடலை 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டிற்காக எழுதினார். அப்போதும் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் பொதுவில் அவர் பேசியதாகத் தெரியவில்லை. 1788-இல்தான் ஆப்பிரிக்க அடிமை வாணிகம் குறித்த சிறு நூலை வெளியிட்டார். புயலுக்குப் பின் நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. கப்பலில் ஆட்கள் எவ்வாறு அடுக்கப்பட்டனர், எவ்வாறு இறந்தனர் என்பதையெல்லாம் கண்டவர் சொல்லாக எழுதினார். தம் ஒப்புதல் காலங்கடந்து வருகிறது என்பதையும் அவரே அதில் எழுதினார். நாடாளுமன்றக் குழுவின் முன் சென்று சாட்சியும் சொன்னார். தம்மிடம் அறிவுரை நாடி வந்த இளைஞர் வில்பர்போர்சு அரசியலைவிட்டு விலகாதபடி அவரை ஊக்கினார். 1807 மார்ச்சில் பிரிட்டிசு அடிமை வாணிகம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

நாற்பது ஆண்டுகள் ஆனமையால் அவருடைய முதல் மனந்திரும்புதல் போலி என்று சிலர் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. இருட்டறையில் விளக்கேற்றினால் பக்கத்தில் இருப்பது முதலில் தெரியும்; மூலையில் இருப்பது பிறகு தெரியும். ஆனால் இந்த உவமையையும் நான் எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன். விளக்கு மெல்லப் பரவிய அந்த நாற்பது ஆண்டுகளும் மூலையில் கிடந்தவர்கள் மனிதர்கள். ஒருவனுடைய ஆன்மிக வளர்ச்சி மெதுவாக நடக்கும்போது, அதன் விலையைக் கொடுப்பவர்கள் வேறு யாரோ ஆகின்றனர். மூன்றாம் லயத்து அம்மையார் சொன்னதும் இதுவே.

ஒரு நாட்டுக்கும் இது பொருந்தும். பிரிட்டன் 1833-இல் சட்டம் இயற்றி, 1834-இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அதே 1834-இலேயே இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தத்தின்பேரில் மொரீசியசுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இம்முறை மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் வந்தது. ஒப்பந்தத்தை மீறியவனுக்குச் சிறை என்பது அக்காலத்து விதி. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை அதற்குப் பின்னும் நீடித்து, 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தபோது நின்றது. வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் ஒப்பந்த முறையைப் பற்றி 1974-இல் எழுதிய நூலுக்குப் 'புதியதோர் அடிமை முறை' என்று பொருள்படப் பெயரிட்டார். ஒரு பாவத்தைவிட்டு உண்மையாகவே விலகிய ஒரு நாடு, பாதித் திரும்பலில் நின்றுகொண்டு, அதன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பாதித் திரும்பலின் வழியாகத்தான் என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். ஆகவே நியூட்டனின் கதை எனக்கு வெறும் ஆங்கிலேயன் கதை அன்று.

நம் இலக்கியத்திலும் இந்த நெடுவழியைப் பாடிய காவியம் ஒன்று உண்டு. நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் அது. 1894-இல் நூலாயிற்று. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, கம்பனைக் கற்றவர் நடையில் பாடப்பட்டது. பனியன் கதையில் பயணியின் முதுகில் பாவச்சுமை ஒன்று இருக்கும். அது சிலுவையின் அடியில் அவிழ்ந்து உருண்டு விழுந்துவிடும். அந்த நிகழ்ச்சி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது என்பதைப் படிப்பவர் பலர் கவனிப்பதில்லை. இடர்மலையும் தாழ்மைப் பள்ளத்தாக்கும் மாயாபுரிச் சந்தையும் ஐயக் கோட்டையும் சுமை விழுந்த பிறகுதான் வருகின்றன. சுமையில்லாதவனும் வழி தவறுகிறான், உறங்கிப்போகிறான், கோட்டைக்குள் அடைபடுகிறான். மேனிலை வகுப்பு மாணவர்க்கு இக்காவியத்தின் சில பகுதிகளையேனும் ஆசிரியர்கள் அறிமுகம் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். சமயத்துக்காக அன்று, தமிழுக்காக.

ஜான் வெசிலி 1755-ஆம் ஆண்டு ஆகத்து 11-ஆம் நாள், இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்சில் ஏறத்தாழ 1800 பேரைக் கூட்டி உடன்படிக்கை ஆராதனை ஒன்றை நடத்தினார். மெதடிஸ்டுத் திருச்சபையார் 1885-இல் சிங்கப்பூரில் வந்திறங்கினர். புத்தாண்டையொட்டி இதனை நடத்தும் தமிழ்ச் சபைகள் இன்றும் உள்ளன. என்னை நான் என் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளாமல் உமக்கே ஒப்புவிக்கிறேன், வேலை தந்தாலும் ஓரமாக ஒதுக்கி வைத்தாலும் உடன்படுகிறேன் என்பது அதன் கருத்து. சபையார் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் வாசிப்பார்கள். பழைய நடைத் தமிழாகையால் இளைஞர்கள் ஆங்காங்கே தடுமாறுவார்கள். வாசித்து முடித்ததும் சிறிது நேரம் மௌனம். எங்கள் சபையில் அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையொப்பமிட்டுத் தம் வேதப்புத்தகத்தினுள் வைத்துக்கொள்வது வழக்கம்.

சில ஆண்டுகளுக்குமுன் அத்தகைய ஓர் ஆராதனையில், என்னிடம் முன்பு படித்த இளைஞர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். இப்போது அவர் வழக்கறிஞர். ஒப்பந்தங்களைப் படித்தே பிழைப்பவர். தம் வேதப்புத்தகத்தைத் திறந்ததும் அதனுள் சென்ற ஆண்டுத் தாள் இருந்தது. அதற்குப் பின்னால் அதற்கு முந்திய ஆண்டின் தாளும் இருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து, "ஐயா, போன வருசமும் இதையேதானே கையெழுத்துப் போட்டோம்?" என்றார்.

"ஆமாம் தம்பி," என்றேன்.

"போன வருசத்ததை ஒழுங்கா நிறைவேத்தலையே."

"நிறைவேத்தியிருந்தா இந்த வருசம் ஆராதனை எதுக்கு?" என்றார் முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், திரும்பிப் பாராமலே.

இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு என் பேனாவை வாங்கி, தாளின் அடியில் தம் பெயரைத் தமிழில் எழுதினார்.